அக்காவும் நானும் கப்பல் ஏறினோம்!



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, 'ஐம்பதைத் தாண்டிய பெண்கள், மூட்டுவலியையும் வைத்துக்கொண்டு, ஆண் துணை இல்லாமல் கப்பல் சுற்றுலா போக முடியுமா?' என்று கேட்டிருந்தார். தாராளமாக முடியும், சகோதரி! ஆனால் 'எந்தக் கப்பல்?' என்று விசாரிப்பதற்கு முன்னால், 'எந்த ஊரில் ஏறுவது?' என்று விசாரியுங்கள். நம்மைப் போன்றவர்களுக்குப் பாதி சிரமம் கப்பலில் இல்லை. கப்பலுக்குப் போய்ச் சேருவதில்தான் இருக்கிறது. கடந்த அக்டோபரில் நானும் என் அக்காவும் மால்டா தீவின் வலெட்டா துறைமுகத்தில் கப்பல் ஏறி, ஏழு இரவு மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்தோம். அந்த அனுபவம் மற்ற சகோதரிகளுக்கும் பயன்படட்டுமே என்றுதான் இந்தக் கடிதம்.

எனக்கு 58 வயது. இல்லத்தரசி. அக்காவுக்கு 66. எங்கள் அப்பா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஆயுள் முழுக்கக் கப்பல் கணக்கு எழுதினாரே தவிர, ஒரு கப்பலிலும் பயணம் போனதில்லை. அக்கா பதினொரு வருடம் படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டவள். மாமியார் போன மறு வருடமே அத்தானும் போய்விட்டார். அதன் பிறகு அவள் வெளியில் போவது என்றால் ரேஷன் கடை, கோயில், பேரன் பள்ளிக்கூடம், அவ்வளவுதான்.

போன வருடம் அவளுடைய டெபாசிட் ஒன்று முதிர்ந்தது. பெரியவன், "காசிக்குப் போயிட்டு வாங்கம்மா" என்றான். அக்கா என்னிடம் போனில் சொன்னாள்: "ஏட்டி, கங்கையை ரெண்டு தடவை பாத்தாச்சு. கடல்ல ஒரு தடவை போவணும்."

வீட்டில் ஒரே சலசலப்பு. "இந்த வயசுல, அதுவும் இப்படி இருக்கும்போது, கப்பல் என்னத்துக்கு?" என்று உறவில் ஒருவர் கேட்டார். அந்த 'இப்படி' என்ற வார்த்தை அக்காவை எவ்வளவு குத்தியிருக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். அவள் பதில் பேசவில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய ஆரம்பித்துவிட்டாள். என்னவர் மட்டும், "ரெண்டு பேருமா போயிட்டு வாங்க, வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றார்.

இங்கே ஒரு விஷயம். கப்பலில் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டுத்தான் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் போடுகிறார்கள். தனி ஆளாகப் போனால் பல கப்பல்களில் ஏறக்குறைய இரட்டிப்புக் கட்ட வேண்டியிருக்கும். அதனால் தனியாக இருக்கும் பெண்கள் ஒரு தங்கையையோ, நாத்தனாரையோ, சிநேகிதியையோ சேர்த்துக்கொள்வது நல்லது.

ஏன் மால்டா?

அக்கா மகன் முதலில் ரோம் என்றான். பேர் பெற்ற ஊர்தானே! நான் மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். 'ரோம்' என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிடவெக்கியா என்ற வேறு ஊரில். ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். ரயிலோ பஸ்ஸோ பிடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அக்கா முட்டிக்கு அது சரிப்படாது.

மால்டா அப்படி இல்லை. மொத்த நாடே 316 சதுர கிலோமீட்டர்தான். நம் சென்னை மாநகராட்சிப் பரப்பே 426! பெரிய தீவின் நீளம் 27 கிலோமீட்டர். விமான நிலையத்திலிருந்து தலைநகர் வலெட்டா சுமார் 8 கிலோமீட்டருக்குள். கப்பல் நிற்பதும் அதே வலெட்டாவின் கோட்டைச் சுவருக்குக் கீழேதான். இந்த நாட்டில் ரயில் கிடையாது; தேவையும் இல்லை. டாக்சியில் ஏறி உட்கார்ந்து, அக்கா கந்தர் சஷ்டி கவசம் சொல்லி முடிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது.

மொழியும் ஒரு வசதி. மால்டா 1964 வரை ஆங்கிலேயரிடம் இருந்த நாடு. மால்டீஸ் மொழியோடு ஆங்கிலமும் ஆட்சிமொழி. போர்டு, பஸ், மருந்துக் கடை எல்லாவற்றிலும் ஆங்கிலம் உண்டு. நம்மைப் போலவே வண்டிகள் இடது பக்கம் போகின்றன. சாலையைக் கடக்கும்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்ற குழப்பம் இல்லை. நாணயம் 2008 முதல் யூரோ.

இன்னொரு வசதி எங்களுக்குப் போன பிறகுதான் புரிந்தது. நாங்கள் போன கப்பல் வலெட்டா, பார்சிலோனா, மார்சேய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மெஸ்ஸினா, மறுபடி வலெட்டா என்று வட்டமடிக்கும் கப்பல். டவுன் பஸ் மாதிரி ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் பேர் ஏறுவார்கள், கொஞ்சம் பேர் இறங்குவார்கள். பெரும்பாலோர் வேறு ஊர்களில் ஏறியவர்கள் என்பதால், வலெட்டாவில் வரிசை சின்னதாக இருந்தது. மணிக்கணக்கில் கால் கடுக்க நிற்கவில்லை.

விசாவும் மூட்டை முடிச்சும்

மால்டா 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலும், 2007 கடைசியில் ஷெங்கன் கூட்டத்திலும் சேர்ந்த நாடு. ஆகவே ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கப் போகிறோமோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கும் நாட்டுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். எங்கள் கப்பல் போன ஊர்கள் எல்லாமே ஷெங்கனுக்குள் இருந்தன. துனிசியா, துருக்கி, எகிப்து என்று வெளியே போய்த் திரும்பும் கப்பலாக இருந்தால், பல முறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்த நாட்டு விசா தனியாக வேண்டுமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சமையலறைச் சாமான் எடுத்துப் போகும் சகோதரிகள் இதை அவசியம் படிக்கவும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் நாம் பால் பொருளும் மாமிசப் பொருளும் கொண்டுபோகக் கூடாது. அதாவது நெய், பால்கோவா, நெய் மைசூர்பாகு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கறிவேப்பிலை, எலுமிச்சம்பழம், மாங்காய் போன்றவையும் உரிய சான்றிதழ் இல்லாமல் கூடாது. பருப்புப்பொடி, நல்லெண்ணெயில் செய்த புளிக்காய்ச்சல், தட்டை, முறுக்கு இவற்றால் எங்களுக்குத் தொந்தரவு வரவில்லை. கரண்ட் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி இவற்றைப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதிப்பதில்லை. தீ பயம். பிடுங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் கொடுப்பார்கள்.

மால்டாவில் பிளக் பாயிண்ட் ஆங்கிலேயர் பாணி. மூன்று சதுரக் கால். நம் ஊர் பிளக் நுழையாது. கப்பலில் அது வேறு மாதிரி. எல்லாவற்றுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

விமான டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்துவிட்டோம். குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். அக்கா முதலில், "நான் என்ன நொண்டியா?" என்று கோபித்தாள். சென்னையிலிருந்து மால்டாவுக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடாவில் இறங்கி மாறும்போது, அந்த விமான நிலையத்தின் நீளத்தைப் பார்த்ததும் பேசாமல் உட்கார்ந்துகொண்டாள்.

பெட்டி வரவில்லை!

கப்பல் புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே நாங்கள் மால்டா போய்விட்டோம். "ரெண்டு நாள் ஓட்டல் செலவு தண்டம்தானே சித்தி?" என்று அக்கா மகன் கேட்டான். அந்த இரண்டு நாள்தான் எங்கள் பயணத்தையே காப்பாற்றியது.

விமான நிலையத்தில் என் பெட்டி சுற்றிக்கொண்டு வந்தது. அக்கா பெட்டி வரவில்லை. பெல்ட் நின்றே போய்விட்டது. அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. அங்கேயே, வெளியில் வருவதற்கு முன்பே, சாமான் கவுண்டரில் எழுத்து மூலம் புகார் பதிவு செய்து நம்பர் வாங்கினோம். இதை மறக்காமல் செய்ய வேண்டும். வெளியே வந்துவிட்டால் பிறகு வாதாடுவது கஷ்டம். ஓட்டல் விலாசத்தையும், கப்பல் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருக்கும் என்ற விவரத்தையும் சேர்த்துக் கொடுத்தோம்.

சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, டாக்டர் சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்றுப் புடவை எல்லாம் கைப்பையில் இருந்ததால் பயமில்லை. அன்று இரவு அக்கா கட்டியிருந்த புடவையை அலசி நாற்காலி மேல் விரித்துப் போட்டாள். "கல்யாணமான புதுசுல இப்படித்தான் ரெண்டு சேலையை மாத்தி மாத்திக் கட்டுனேன்" என்று சிரித்தாள். ஆனால் தூங்கவில்லை. "பெட்டி இல்லாமப் போனா, 'அப்பவே சொன்னோம்ல'ன்னு எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள். ஒரு பெட்டி தொலைவது விமான கம்பெனிக்குச் சின்ன விஷயம். எதிர்ப்பை மீறிக் கிளம்பிய பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மறுநாள் சாயங்காலம் பெட்டி ஓட்டல் வாசலுக்கே வந்து சேர்ந்தது. கப்பல் நாளன்று காலையில் வந்து இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்டி எங்களை ஊர் ஊராகத் துரத்திக்கொண்டு வந்திருக்கும். விமானமே தாமதமாகியிருந்தால் கப்பல் எங்களை விட்டுவிட்டே போயிருக்கும். கப்பல் யாருக்காகவும் நிற்காது, சகோதரிகளே. புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்னாலேயே ஏறும் கதவை மூடிவிடுகிறார்கள். ஆகவே ஒரு நாளாவது முன்னால் போய்ச் சேருங்கள்.

இரண்டு நாளில் பார்த்தது

வலெட்டா ரொம்பச் சின்ன ஊர். நீளம் ஒரு கிலோமீட்டர்தான். 1565-ல் துருக்கியர் நான்கு மாதம் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய பிறகு, மறு வருடம் செயின்ட் ஜான் வீரத் துறவிகள் கட்டத் தொடங்கிய கோட்டை நகரம். அவர்கள் தலைவர் லா வலெட்டின் பெயர்தான் ஊருக்கு. 1980 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வீடெல்லாம் தேன் நிறச் சுண்ணாம்புக்கல்.

மூட்டுவலிக்காரர்களுக்கு ஒரு யோசனை. நடுவில் ஓடும் ரிபப்ளிக் தெரு, முதுகெலும்பு மாதிரி ஓரளவு சமமாக இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இறங்கும் சந்துகள் செங்குத்து; பலவற்றில் படிக்கட்டு. அதனால் ஊர் வாசலுக்குப் பக்கத்தில், அந்த நடுத் தெருவை ஒட்டி அறை எடுங்கள். பஸ் நிலையமும் வாசலுக்கு வெளியிலேயே இருக்கிறது.

வீடுகளில் மரத்தால் அடைத்த பால்கனிகள், பச்சையும் சிவப்பும் நீலமுமாக. உள்ளே இருந்து தெருவைப் பார்க்கலாம். தெருவில் இருப்பவர்களுக்கு நம்மைத் தெரியாது. அக்கா நின்று பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல கதவிடுக்கு வழியாப் பாத்தோம், இவங்க கொஞ்சம் அழகா வச்சுப் பாத்திருக்காங்க" என்றாள்.

இந்தத் தீவில் ஆறும் கிடையாது, ஏரியும் கிடையாது. அதனால் ஊரைக் கட்டும்போதே, ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் மழைநீர்த் தொட்டி வெட்டியாக வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நாம் இப்போது மழைநீர் சேகரிப்பு என்று சொல்வதை 450 வருடத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள்! இன்று குடிநீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது, நம் மீஞ்சூர், நெம்மேலி மாதிரி. குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த ஊரின் அருமை நன்றாகவே புரியும்.

ஊர்க் கோடியில் பழைய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. 1574-ல் தொடங்கியது. இப்போது மாநாட்டு அரங்கம். அதன் பெரிய வார்டு சுமார் 155 மீட்டர் நீளம். அந்தக் காலத்தில் நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டில் சாப்பாடு கொடுத்தார்களாம். வெள்ளியில் கிருமி தங்காது என்பதும் ஒரு காரணம். வழிகாட்டிப் பெண் சொல்லச் சொல்ல, நான் தமிழில் அக்காவுக்குச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நாம அத்தைக்கு எவர்சில்வர் தட்டுலதான் குடுத்தோம். ஆனா ஒரு நாளும் ஆறிப் போயிக் குடுக்கல" என்றாள். பதினொரு வருடத்தைப் பற்றி அவள் என்னிடம் பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

செயின்ட் ஜான் கோயிலில் கரவாஜியோ 1608-ல் வரைந்த பெரிய ஓவியம் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதானாம். தரை முழுக்கச் சலவைக்கல் கல்லறைகள் என்பதால், கூர்மையான ஹீல்ஸ் செருப்புக்கு அனுமதி இல்லை. புடவைக்கு எந்தத் தடையும் இல்லை. தோள் மூடியிருக்க வேண்டும் என்கிறார்கள், அவ்வளவுதான்.

மேல் பராக்கா தோட்டத்தில் நின்றால் துறைமுகம் முழுவதும் காலடியில் தெரிகிறது. பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கீழே பீரங்கி வெடிப்பார்கள். எனக்கு முன்பே தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை. வெடித்ததும், "முருகா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் பீரங்கியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்!

சாப்பாடு: 'பஸ்டிஸ்ஸி' என்று ஒரு பலகாரம், நம் பப்ஸ் மாதிரி. பட்டாணி மசியல் வைத்தது ஒன்று, பால்கட்டி வைத்தது ஒன்று. தெருவுக்குத் தெரு சுடச்சுடக் கிடைக்கிறது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், மாவில் என்ன கொழுப்பு சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளவும். சில கடைகளில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு. தக்காளி, ஆலிவ் எண்ணெய் தடவிய ரொட்டியும் நன்றாக இருந்தது. அதில் சூரை மீன் வைப்பார்கள். 'மீன் வேண்டாம்' என்று முதலிலேயே சொல்ல வேண்டும். நம் காட்டுச் சப்பாத்திக்கள்ளிப் பழத்தை அங்கே சாப்பிடுகிறார்கள். சின்ன வயதில் பறித்துத் தின்று அடி வாங்கியது இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

'நன்றி'க்கு மால்டீஸ் மொழியில் 'க்ராத்சி'. அரபி வழி வந்த மொழி, ஆனால் ஆங்கில எழுத்து மாதிரி எழுதுகிறார்கள். அக்கா அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே இரண்டு நாளை ஓட்டிவிட்டாள்.

ஏறும் நாள்

மேலே ஊருக்கும் கீழே துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு லிப்ட் இருக்கிறது. 58 மீட்டர், ஏறக்குறைய இருபது மாடி உயரம். 1905-ல் கட்டிய பழைய லிப்டை எடுத்துவிட்டு, 2012 டிசம்பரில் புதிதாகத் திறந்தது. பெட்டி இல்லாமல் ஊர் சுற்றுவதற்கு ரொம்ப வசதி. பெட்டியோடு என்றால் டாக்சியே மேல். எங்களை நேராக டெர்மினல் வாசலில் இறக்கிவிட்டார்கள்.

அந்த இடமே பார்க்க அழகு. 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய கிட்டங்கிகள் வரிசையாக. கதவுகளுக்கு நிறம் பூசியிருக்கிறார்கள்: நீலம் மீனுக்கு, பச்சை காய்கறிக்கு, மஞ்சள் கோதுமைக்கு, சிவப்பு ஒயினுக்கு என்று கணக்காம். "எழுதப் படிக்கத் தெரியாதவனும் தப்பாம சரக்கு எறக்கலாம்லா! அப்பா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்றாள் அக்கா.

பெட்டியில் கப்பல் சீட்டு ஒட்டி வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம்தான் அறைக்கு வரும். அதனால் மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை கையிலேயே இருக்கட்டும். பிறகு கைப்பையை ஸ்கேன் செய்கிறார்கள், பாஸ்போர்ட், விசா பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். ஒரு கார்டு கொடுக்கிறார்கள். அறைச் சாவியும் அதுதான், கப்பலில் வாங்கும் பொருளுக்குக் கணக்கும் அதுதான். கணக்குக்கு கிரெடிட் கார்டு காட்டலாம், பல கப்பல்களில் ரொக்கமாகவும் முன்பணம் கட்டலாம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "செப்பரேட்" என்றாள். சுருக்குப் பையிலிருந்து 200 யூரோவை எண்ணி வைத்தாள். கார்டில் அவள் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. இன்னார் சம்சாரம் இல்லை, இன்னார் அம்மா இல்லை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவள், ஏழு நாளும் கழற்றவில்லை.

ஏறியதும் அபாயப் பயிற்சி உண்டு. ஏழு தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாகச் சங்கு ஊதினால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். 2012-ல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்த பிறகு இதைக் கண்டிப்பாக்கிவிட்டார்கள். 'வயசானவங்க, விட்டுடுங்க' என்றெல்லாம் சொல்லாமல் கவனமாகக் கேளுங்கள்.

கப்பல் நகரும்போது அறையில் பெட்டி பிரித்துக்கொண்டிருக்காதீர்கள். மேல்தளத்துக்குப் போங்கள். இரண்டு பக்கமும் கோட்டைகள், மாலை வெயிலில் தங்கம் மாதிரி. 1942-ல் போர்க்காலத்தில் இந்தத் தீவே பட்டினியில் இருந்தது. அடுப்பெரிக்க எண்ணெய் இல்லை. வீட்டு ரேஷனில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுப் பொதுச் சமையற்கூடங்களில் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கினார்கள் இல்லத்தரசிகள். அந்த ஆகஸ்டில் 14 சரக்குக் கப்பல்கள் கிளம்பி, குண்டு மழையில் ஐந்துதான் வந்து சேர்ந்தன. எண்ணெய் ஏற்றி வந்த 'ஓஹியோ' கப்பல், பாதி மூழ்கிய நிலையில், இரண்டு பக்கமும் போர்க்கப்பல்கள் தாங்கிப் பிடிக்க, ஆகஸ்ட் 15 அன்று இதே துறைமுகத்துக்குள் வந்தது. கரை முழுக்க ஜனங்கள் நின்று அழுதார்களாம். அதே தண்ணீரில் நாங்கள் காப்பி டம்ளரோடு போய்க்கொண்டிருந்தோம். மேல் பராக்கா தோட்டத்திலிருந்து யார் யாரோ கையசைத்தார்கள். அக்காவும் கை வலிக்க வலிக்கக் கையசைத்தாள்.

கப்பலில் கவனிக்க வேண்டியவை

* முன்பதிவிலேயே சைவம் என்று எழுதச் சொல்லுங்கள். முதல் இரவே பரிமாறுபவரிடம் 'இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம்' என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். வெறுமனே 'வெஜிடேரியன்' என்றால் போதாது.

* நடுக்கடலில் செல்போனை 'பிளைட் மோடு'க்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் சேர்ந்து, பில் பயங்கரமாக வரும்.

* கப்பல்காரர்கள் நடத்தும் டூரில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. கடிகாரத்தில் கப்பல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

* தினப்படி சேவைக் கட்டணம் டிக்கெட்டில் சேர்ந்ததா, தனியா என்று முதலிலேயே கேளுங்கள். பல கப்பல்களில் கடைசி நாள் பில்லில் வந்து நிற்கும்.

* தலைச்சுற்றல், வாந்திக்கு உங்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நமக்கு நல்லது.

* எல்லா ஊரிலும் இறங்கியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஜெனோவாவில் அக்காவுக்கு முட்டி வீங்கிவிட்டது. கப்பலிலேயே உட்கார்ந்து ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, துறைமுகத்தை வேடிக்கை பார்த்தோம். அந்த ஒரு நாள்தான், யாருக்கும் சமைக்காமல், யாருக்கும் காத்திருக்காமல், நாங்கள் இரண்டு பேரும் காலையிலிருந்து ராத்திரி வரை பேசிக்கொண்டே இருந்த நாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு நாள் கிடைத்ததே இல்லை.

இப்போது அக்கா வீட்டில், 'கப்பல் எப்படிப் பிடிப்பது?' என்று கேட்டு இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்கள் வருகிறார்களாம். அவளும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேப்பை விரித்து, "முதல்ல ஏறுற ஊரைப் பாருங்க" என்று ஆரம்பிக்கிறாளாம். அவர்களில் ஒருவரும் அக்காவைப் போல் கணவரை இழந்தவர்தான். 'இப்படி இருக்கும்போது' என்று அவரையும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

சகோதரிகளே, எல்லோராலும் கப்பலுக்குச் செலவு செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பெயரில் ஒரு பாஸ்போர்ட், உங்கள் பெயரில் ஒரு சேமிப்பு, இந்த இரண்டையும் இன்றே தொடங்கலாம். எங்கே போவது என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை.